டெக்ஸ் வில்லரின் துப்பாக்கி ஏன் ஜாம் ஆவதில்லை?

லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு டெக்ஸ் வில்லரை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. இத்தாலிக்காரர்கள் உருவாக்கி, சிவகாசியில் தமிழ் பேச ஆரம்பித்த அந்த ரேஞ்சர் பக்கத்துக்குப் பக்கம் சுடுவார். குதிரை மேல் சுடுவார், பாறை மறைவில் சுடுவார், மழையில் சுடுவார். அவர் கையில் இருக்கும் வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா மாட்டிக்கொண்டு, "அடச்சே!" என்று அவர் உட்கார்ந்து நோண்டிக்கொண்டிருந்த காட்சி யாருக்காவது நினைவிருக்கிறதா? இருக்காது. கதாநாயகனின் துப்பாக்கி மாட்டிக்கொண்டால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் நிஜ வாழ்க்கையில் அது மாட்டும். நன்றாகவே மாட்டும். ஏன் மாட்டுகிறது, எங்கே மாட்டுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இங்கே விஷயம். "கொருக்குப்பேட்டையில் இருப்பவனுக்கு கௌபாய் துப்பாக்கி எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொஞ்சம் பொறுங்கள், கொருக்குப்பேட்டையும் நடுவில் வரும்.

முதலில், அது என்ன லீவர்?

டெர்மினேட்டர் இரண்டாம் பாகத்தில் (1991) அர்னால்ட் பைக்கில் போய்க்கொண்டே ஒரே கையால் துப்பாக்கியைச் சுழற்றிச் சுழற்றிச் சுடுவாரே, அதுதான் லீவர் ஆக்‌ஷன். (அது ஷாட்கன், இங்கே பேசப்போவது ரைஃபிள். வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.) விசைக்குக் கீழே ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் சுட்டுமுடித்த வெற்றுக் கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். கீழே, மேலே, டுமீல். அவ்வளவுதான்.

1860-ல் அமெரிக்காவில் வந்த ஹென்றி ரைஃபிள் இந்தக் குடும்பத்தில் முதலில் பேர் வாங்கியது. அதற்கு முன் பெரும்பாலான சிப்பாய்கள் ஒவ்வொரு முறையும் மருந்தை ஊற்றி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஹென்றியில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய். அதில் வரிசையாகப் பதினாறு தோட்டா. பிறகு 1866, 1873, 1892, 1894 என்று வின்செஸ்டர் கம்பெனி மாடல் மாடலாக இறக்கியது. 1894 மாடல் மட்டும் 70 லட்சத்துக்கு மேல் தயாரானது. பிற்கால மாடல்களை வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங் என்கிற மகா மூளைக்காரர்.

இந்தியாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா? இருக்கிறது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) என்கிற வேட்டைக்காரர், எழுத்தாளர். ஜிம் கார்பெட்டுக்கு வடக்கே என்ன பெயரோ, தெற்கே அவருக்கு அந்தப் பெயர். அவருடைய முதல் புத்தகம் 1954-ல் வந்தது. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் என்று அவர் எழுதிய ஊர்ப்பெயர்கள் பல தமிழ்நாட்டுக்காரை. அப்போது சேலம் மாவட்டம், இப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரியும். அவர் கையில் இருந்த துப்பாக்கி .405 வின்செஸ்டர், 1895 மாடல். லீவர் ஆக்‌ஷன்! டெக்ஸ் வில்லரின் தூரத்துச் சொந்தம் ஓசூர் காட்டில் ஆட்கொல்லிப் புலிகளுக்குப் பின்னால் அலைந்திருக்கிறது.

கொருக்குப்பேட்டை கேட்

இப்போது கொருக்குப்பேட்டை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து வயதான தலைமுறைகள் உண்டு. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் லைனும், பீச்சிலிருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வரும் லைனும் சேரும் இடம். பயணிகள் ரயில், எக்ஸ்பிரஸ், கூட்ஸ் எல்லாம் அந்த வழி. கேட் மூடினால் இந்தப் பக்கம் மீன்பாடி வண்டி, ஷேர் ஆட்டோ, ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ். அந்தப் பக்கமும் அதே.

கொஞ்சம் தள்ளிப் போனால் எண்ணூர் நெடுஞ்சாலை. துறைமுகத்துக்குள் போகக் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நின்ற ஆண்டுகளை வட சென்னைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். அந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் லீவர் ரைஃபிளின் உள்பக்கம் தானாகப் புரியும்.

ட்ரெய்லர் வரிசை நிற்கும் சாலைதான் குழாய் மேகசின். பின்னால் நின்று ஹாரன் அடித்துத் தள்ளும் அவசரம்தான் குழாய்க்குள் இருக்கும் ஸ்பிரிங். துறைமுக வாசலில் ஒவ்வொரு வண்டியாக விடும் தடுப்புக்கட்டைக்குத் துப்பாக்கியில் 'கார்ட்ரிட்ஜ் ஸ்டாப்' என்று பெயர். உள்ளே விட்ட ஒரு வண்டியை மட்டும் தூக்கி மேலே கொண்டுபோகும் லிப்டுக்குப் பெயர் 'கேரியர்'. மேலே வந்ததை முன்னால் தள்ளுவது 'போல்ட்'. போய்ச் சேரும் இடம் 'சேம்பர்', கப்பல் நிற்கும் பெர்த் மாதிரி. வேலை முடிந்த காலி வண்டியைக் கொக்கி போட்டு இழுப்பது 'எக்ஸ்ட்ராக்டர்'. இடித்து வெளியே தள்ளுவது 'எஜெக்டர்'.

இதில் ஒரே ஒரு விதிதான் முக்கியம். ஒரு நேரத்தில் ஒரு வண்டி. தடுப்புக்கட்டை இறங்கும்போது ஒரு வண்டி பாதி உள்ளே, பாதி வெளியே நின்றால் என்ன ஆகும்? கட்டையும் இறங்காது, வண்டியும் நகராது, பின்னால் இருப்பவன் மட்டும் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான். துப்பாக்கி ஜாம் என்பது இதுதான்.

எந்தத் தோட்டா மாட்டியது?

"துப்பாக்கி ஜாம் ஆகுது" என்று சொல்வது "உடம்பு சரியில்லை" என்று டாக்டரிடம் சொல்வது மாதிரி. அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. விவரம் தெரிந்த ஆர்மரர் முதலில் கேட்கும் கேள்வி: எத்தனையாவது தோட்டா?

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு சுவாரசியம். ஸ்டாக் கணக்கில் வரும் ஃபிஃபோ, லிஃபோ இரண்டும் துப்பாக்கியிலும் உண்டு. பழைய ஹென்றியில் குழாயின் முன்பக்கத்தைத் திறந்து தோட்டா போடவேண்டும். முதலில் போட்டது அடியில் போய் நிற்கும், அதுதான் முதலில் வெடிக்கும். சுத்தமான ஃபிஃபோ. 1866-ல் வின்செஸ்டர் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு வைத்தது. அதன் வழியே அழுத்திப் போட்டால் முதலில் போட்டது குழாயின் தொலைவான முனைக்குப் போய்விடும். கடைசியாகப் போட்டது முதலில் வெளிவரும். லிஃபோ. ஆக, "மூன்றாவது சுடும்போது மாட்டியது" என்றால் அது போட்டதில் எத்தனையாவது தோட்டா என்று தலைகீழாக எண்ணவேண்டும். எண்ணாமல் நல்ல தோட்டாவைச் சந்தேகப்பட்டு, கெட்ட தோட்டாவைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டால் அடுத்த வாரமும் அதே கதைதான்.

இனி நோய்க்குறிகள்.

ஒன்று. கடைசித் தோட்டா மட்டும் வருவதில்லை, அல்லது சோம்பலாக வருகிறது. சந்தேகம் ஸ்பிரிங் மேல். சுருங்கிச் சுருங்கி வலு போன ஸ்பிரிங், கடைசி ஆளைத் தள்ளத் தெம்பில்லாமல் நிற்கும். குழாய்க்குள் துரு, காய்ந்துபோன எண்ணெய்ப் பிசின், வெளியே எங்கேயோ இடித்து விழுந்த நசுங்கல் இருந்தாலும் இதே மாதிரி நடக்கும். மருந்து: குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வது, ஸ்பிரிங் மாற்றுவது. விலை குறைவு, பலன் அதிகம். அதனால் முதலில் பார்க்கவேண்டியதும் இதுதான்.

இரண்டு. கேரியர் மேலே எழும்பவே மறுக்கிறது. இங்கே தோட்டாவின் நீளத்தை அளக்கவேண்டும். ஹென்றி, 1866, 1873 மாடல்களில் தனியாகத் தடுப்புக்கட்டையே கிடையாது. கேரியரில் இருக்கும் தோட்டாவின் நீளமே அடுத்த தோட்டாவுக்குத் தடுப்பு. அது சரியான நீளத்தில் இருந்தால் பின்னால் நிற்பது குழாய்க்குள்ளேயே இருக்கும். குட்டையாக இருந்தால் அடுத்ததன் பின்புறம் கேரியருக்குள் எட்டிப்பார்க்கும், லிப்ட் நகராது. நீளமாக இருந்தால் அதன் மூக்கே இன்னும் குழாய்க்குள் மாட்டியிருக்கும், அப்போதும் லிப்ட் நகராது. ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் போதும், ஆட்டம் காலி. போதாக்குறைக்கு ஒவ்வொரு முறை சுடும்போதும் வரும் உதைப்பில், குழாயில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் கூட்டுக்குள் அமுங்கும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கத்தான் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் நன்றாக நெரித்து இறுக்குவார்கள். அந்த இறுக்கம் சரியில்லாவிட்டால் காலையில் சரியாக இருந்த தோட்டா மாலையில் குட்டை.

மூன்று. ஒரு தோட்டா கேரியரில், இன்னொன்று அதன் அடியில். இரண்டும் சேர்ந்து பூட்டிக்கொண்டு லீவர் இந்தப் பக்கமும் வராது, அந்தப் பக்கமும் போகாது. மார்லின் கம்பெனி ரைஃபிள்களில் பழகியவர்கள் இதற்கு 'மார்லின் ஜாம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் தேய்மானம். லீவரின் நுனியில் இருக்கும் கூரான விளிம்பு, கேரியரை ஆயிரக்கணக்கான தடவை உரசி உரசி அதில் பள்ளம் தோண்டிவிடும். கேரியர் இருக்கவேண்டிய நேரத்தில் இருக்கவேண்டிய உயரத்தில் இருக்காது. அந்த இடுக்கில் அடுத்த தோட்டா நழுவி வரும். மருந்து: லீவர் நுனியை மெருகேற்றி வழவழப்பாக்குவது, பள்ளம் ஆழமாகிவிட்டால் கேரியரையே மாற்றுவது. கவனியுங்கள், இது ஒருநாளில் வந்த நோய் இல்லை. ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியாமல் வந்த தேய்மானம். கணக்குப் புத்தகத்தில் எழுதும் தேய்மானமும் இப்படித்தான். எழுதாமல் விட்டால் இல்லை என்று ஆகிவிடாது.

நான்கு. தோட்டா மேலே வந்துவிட்டது, ஆனால் சேம்பர் வாயில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கிறது. கேரியர் முழு உயரம் வரவில்லையா? இரண்டு பக்கமும் தோட்டாவை வழிநடத்தும் கைடுகளின் திருகு தளர்ந்துவிட்டதா? குண்டின் மூக்கு வடிவம் சரியா? மூக்குப் பக்கம் தோள்பட்டை மாதிரி விளிம்புள்ள குண்டுகள் சில ரைஃபிள்களில் இடறும், உருண்டை மூக்குக்காரர்கள் வழுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தளர்ந்த திருகு என்றால் ஒரு ஸ்க்ரூ டிரைவரில் முடிந்த வேலை. அதைப் பார்க்காமல் சேம்பரை அரத்தால் ராவ ஆரம்பித்தால் ஐம்பது ரூபாய் வியாதிக்கு ஐம்பதாயிரம் ரூபாய் ஆபரேஷன்.

ஐந்து. புதுத் தோட்டா போகவில்லை, ஏனென்றால் பழைய கூடு இன்னும் வெளியே வரவில்லை. பார்ப்பதற்கு உள்ளே போவதில் தகராறு மாதிரித் தெரியும், உண்மையில் வெளியேறுவதில்தான் தகராறு. அழுக்குச் சேம்பர், முனை மழுங்கிய எக்ஸ்ட்ராக்டர், உள்ளே குப்பை சேர்ந்து அசையாமல் போன எஜெக்டர். துறைமுகத்துக்குள் காலி வண்டி வெளியே வர வழியில்லாவிட்டால் சாலையில் நிற்பவனும் நகரமுடியாது அல்லவா?

ஆறு. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் மாட்டுகிறது. அப்போது பார்க்கவேண்டியது கையை. லீவரை முழுதாகக் கீழே தள்ளாமல் பாதியிலேயே மேலே இழுத்துவிடுவது. ஆங்கிலத்தில் 'ஷார்ட் ஸ்ட்ரோக்' என்பார்கள். கேரியர் லீவரின் முழு வீச்சையும் நம்பி இருக்கிறது. முக்கால் வீச்சுக்கு முக்கால் வேலை நடக்காது, ஒரு வேலையும் நடக்காது.

இத்தனையும் சோதிக்க உயிருள்ள தோட்டா தேவையே இல்லை. மருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாக்கள் இருக்கின்றன. அவற்றைப் போட்டு, துப்பாக்கியின் வாயை யாரும் இல்லாத பக்கம் வைத்து, லீவரை மெதுவாக அசைத்து, எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஸ்பிரிங்கும் மாற்றி, தோட்டா பிராண்டும் மாற்றி, எண்ணெயும் மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்றால் எது சரிசெய்தது என்று யாருக்குத் தெரியும்?

1895-ம் விளிம்புச் சண்டையும்

குழாய் மேகசினில் ஒரு பெரிய குறை உண்டு. ஒரு குண்டின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்புறப் பிரைமர் மேல் உட்கார்ந்திருக்கும். மூக்கு ஊசி மாதிரி இருந்தால் உதைப்பில் குத்திக் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் குழாய்த் துப்பாக்கிகளுக்குத் தட்டை மூக்குக் குண்டு. (மென்மையான பிளாஸ்டிக் மூக்குக் குண்டுகள் 2000-களின் நடுவில்தான் வந்தன.)

இந்தக் குறைக்குப் பதிலாகத்தான் பிரவுனிங் 1895 மாடலில் குழாயைத் தூக்கிப்போட்டுவிட்டு, தோட்டாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டி வைத்தார். முதல் உலகப் போரில் ரஷ்யா சுமார் மூன்று லட்சம் வாங்கியது. தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குத் தூக்கிப்போனதும் இதையே. ஆண்டர்சன் வைத்திருந்ததும் இதையே.

ஆனால் பெட்டிக்கும் ஒரு வியாதி உண்டு. தோட்டாவின் அடியில் வட்ட விளிம்பு இருந்தால், மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்கவேண்டும். பின்னால் போய்விட்டால், மேலே இருப்பதை முன்னே தள்ளும்போது கீழே இருப்பதையும் கொக்கி போட்டு இழுக்கும். இரண்டும் மல்லுக்கட்டி நிற்கும். இந்திய போலீஸ் பல பத்தாண்டுகள் தோளில் சுமந்த .303 ரைஃபிளுக்கும் இதே விளிம்புப் பிரச்சினைதான். (அது லீவர் இல்லை, போல்ட் ஆக்‌ஷன்.) அதற்கு மருந்து ஸ்பேர் பார்ட் இல்லை, தோட்டா அடுக்கும் ஒழுங்கு. 2008 நவம்பர் 26-ல் மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளுக்கு எதிரே போலீஸ்காரர்கள் கையில் இருந்தது இந்த .303 தான். உத்தரப் பிரதேச போலீஸ் அதற்கு விடைகொடுத்தது 2020 குடியரசு தினத்தன்று.

இப்போது காட்டில் நிற்கும் ஒருவனை நினைத்துப்பாருங்கள். முதல் குண்டு பட்டுவிட்டது, ஆனால் புலி விழவில்லை. அடுத்த குண்டுக்கு அவனிடம் இருப்பது ஓரிரு விநாடி. 1895 மாடலின் லீவர் வீச்சு நீளமானது. பயத்தில் கை என்ன செய்யும்? அவசரப்படும். பாதியில் திரும்பும். வீட்டு முற்றத்தில் ஆயிரம் தடவை சரியாக அசைத்த கை அந்த ஒரு தடவை தவறினால் போதும். அதனால் பழகியவர்கள் சொல்லும் ஒரே மந்திரம்: பயந்து அசைக்காதே, முரட்டுத்தனமாக, முழுதாக அசை. பூப்போல அசைத்தால்தான் மாட்டும்.

யார் மேல் பழி?

இங்கேதான் விஷயம் வெறும் ஸ்க்ரூ, ஸ்பிரிங் கணக்கைத் தாண்டிப் போகிறது. துப்பாக்கி மாட்டினால் எப்போதும் இரண்டு கட்சி. "கம்பெனி சரியில்லை" என்பது ஒன்று. "பிடித்தவன் சரியில்லை" என்பது இன்னொன்று. வரலாற்றில் இரண்டுமே பொய்யானதுண்டு.

1876-ல் அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் சண்டை. கஸ்டர் என்ற அதிகாரியும் அவருடன் இருந்த படைப்பிரிவும் லகோட்டா, செயென் வீரர்களிடம் அழிந்துபோனார்கள். குதிரைப்படையினர் வைத்திருந்த ஒற்றைத்தோட்டாத் துப்பாக்கிகளில் செம்புக் கூடு ஒட்டிக்கொண்டு வெளியே வராததுதான் காரணம் என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். 1983-ல் அந்த இடத்தில் புல்வெளி எரிந்தது, அடுத்த வருடம் தொல்லியல்காரர்கள் தோண்டி, கிடைத்த கூடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நெம்பி எடுத்த கீறல் இருந்தவை மிகச் சிறிய பங்குதான். எதிர்த்தரப்பு வீரர்களிடம் ஹென்றி, வின்செஸ்டர் லீவர் ரைஃபிள்கள் ஏராளமாக இருந்ததும் அந்த மண்ணிலிருந்தே தெரிந்தது. தோற்றவன் துப்பாக்கி மேல் பழி போட்டது அங்கே எடுபடவில்லை.

வியட்நாமில் நடந்தது நேர் எதிர். 1966, 67-ல் எம்-16 ரைஃபிள்கள் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டன. செத்த சிப்பாய்கள் பக்கத்தில் பிரித்துப்போட்ட துப்பாக்கிகள் கிடந்தன. "சுத்தம் செய்யவில்லை, அதுதான்" என்று மேலிடம் சொன்னது. பையன்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களால் விஷயம் அமெரிக்கப் பாராளுமன்றம் வரை போனது. 1967-ல் இக்கார்ட் தலைமையிலான குழு விசாரித்தபோது வேறு கதை வெளிவந்தது. தோட்டாவில் போடும் மருந்தின் வகையை மாற்றியிருந்தார்கள். சேம்பருக்குக் குரோமியப் பூச்சு கொடுக்கவில்லை. சுத்தம் செய்யும் உபகரணமே போதுமான அளவு கொடுக்கவில்லை. துடைக்கத் துணி கொடுக்காமல் "ஏன் துடைக்கவில்லை?" என்று கேட்டிருக்கிறார்கள்! பிறகு பூச்சு வந்தது, உபகரணம் வந்தது, வில் ஐஸ்னர் என்ற காமிக்ஸ் மேதையை வைத்துப் படக்கதை வடிவில் பராமரிப்புப் புத்தகமும் வந்தது. செத்தவர்கள் திரும்பி வரவில்லை.

இந்தியக் கதையும் உண்டு. இந்தியாவின் இன்சாஸ் ரைஃபிள் 1999 கார்கில் குளிரில் மாட்டியது, மேகசின் விரிசல் விட்டது என்று புகார்கள் வந்தன. 2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காலிகோட் மாவட்டத்தில் மாவோயிஸ்டுகளுடன் நடந்த சண்டையில் நாற்பதுக்கும் மேற்பட்ட நேபாள வீரர்கள் இறந்தார்கள். நீண்ட நேரச் சண்டையில் இன்சாஸ் சரியாக வேலை செய்யவில்லை என்றது நேபாள ராணுவம். சரியாகப் பயன்படுத்தாததே காரணமாக இருக்கலாம் என்றது இந்தியத் தரப்பு. இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவில் நாற்பது குடும்பங்கள்.

இதனால்தான் "எந்தத் தோட்டா, எந்த இடத்தில், எந்தக் கீறல்?" என்ற சலிப்பூட்டும் கேள்விகள் முக்கியம். பழி போடுவது சுலபம், ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். காரணம் கண்டுபிடிக்க ஆறு நோய்க்குறிகளையும் ஒவ்வொன்றாக விலக்கவேண்டும். வழக்கமாக வரிசையின் கடைசியில் நிற்பவன் மேல்தான் முதல் பழி விழும். ரயில்வே கேட்டில் வண்டி மாட்டினால் டிரைவர், மில்லில் நாடா மாட்டினால் நெசவாளி, சண்டையில் துப்பாக்கி மாட்டினால் சிப்பாய். பக்கத்துப் பெரம்பூரில் 1996-ல் மூடப்பட்ட பி அண்ட் சி மில்லில் தறி ஓட்டியவர்களைக் கேட்டால் இதைப்பற்றிக் கதைகதையாகச் சொல்வார்கள். அவன் கையும் தவறியிருக்கலாம், இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மேலே உள்ள பட்டியலில் கை ஆறாவதாக வருகிறது. முதல் ஐந்தையும் பார்க்காமல் ஆறாவதுக்குத் தாவுவதற்குப் பெயர் விசாரணை இல்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை

படித்துவிட்டு யாரும் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டாம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க மட்டுமல்ல, பழுதுபார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். மவுண்ட் ரோட்டு ஓக்ஸ் அண்ட் கம்பெனி பெயர் பொறித்த பழைய வேட்டைத் துப்பாக்கிகள் இன்னும் சில குடும்பங்களில் பரம்பரைச் சொத்தாக இருக்கின்றன. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடியது அதிகபட்சம் இரண்டு. அதில் ஒன்று மாட்டிக்கொண்டால், குறிப்பாக உயிருள்ள தோட்டாவோடு மாட்டிக்கொண்டால், லீவரை உடம்பு பலத்தால் இழுப்பது மகா முட்டாள்தனம். விரலை விசையிலிருந்து எடுத்து, வாயைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, லைசென்ஸ் உள்ள ஆர்மரரிடம் விடுவதுதான் வழி.

வேட்டைக்கும் இப்போது வேலையில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கணக்கை முடித்துவிட்டது. ஆண்டர்சன் சுற்றிய கிருஷ்ணகிரி, தர்மபுரிக் காடுகளில் ஒரு பெரும் பகுதி 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். அங்கே இனி துப்பாக்கி மாட்டினால் என்ன, மாட்டாவிட்டால் என்ன. புலிக்கும் நிம்மதி, மனிதனுக்கும் நிம்மதி.

மிச்சம் இருப்பது அந்த முறை மட்டும்தான். மிக்ஸி நின்றாலும் சரி, தையல் மெஷினில் நூல் சிக்கினாலும் சரி, ஆபீஸில் ஒரு ஃபைல் மூன்று மாதம் நகராவிட்டாலும் சரி. எத்தனையாவது, எந்த இடம், யாருடைய முழு வீச்சு வரவில்லை என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு இடத்தில் தளர்ந்த திருகு ஒன்று கண்டிப்பாக அகப்படும்.